பொட்டியின் பாடு

அலைக்கரம் ரோபோடிக்ஸ் என்ற கம்பெனி பழவேற்காடு ஏரியைக் காப்பாற்றக் கிளம்பி வந்தது. காப்பாற்றச் சொல்லி ஏரி யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. நல்ல மனசுக்காரர்கள் மனுவுக்காகவா காத்திருப்பார்கள்? சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்து, ஏசிக் குளிரில் ஏரிக்காகக் கண் கலங்கி, ஆளில்லாமல் ஓடும் ஒரு சின்னப் படகைச் செய்து, அதற்கு 'ஆழி' என்று அழகாகப் பெயர் வைத்து, லாரியில் ஏற்றிக் கோரைரேவில் கொண்டுவந்து இறக்கினார்கள். தோணிரேவைத் தாண்டிப் போனால் வரும் சின்ன ஊர் அது. பெயரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஊர் அன்றைக்கே அதைப் 'பொட்டி' ஆக்கிவிட்டது.

ஏரியின் அடிச் சேற்றில் சிக்கிக் கிடக்கும் கிழிந்த நைலான் வலைகளை வெளியே எடுத்துப் போடுவதுதான் பொட்டியின் வேலை. ஓட ஒரு மோட்டார், கயிறு இழுக்க ஒரு வின்ச், பொறுக்க ஒரு கை, பார்க்க ஒரு கேமரா. ஒவ்வொன்றையும் இயக்க ஒரு புரோகிராம் உண்டு. அதை டூல் என்பார்கள். எந்த டூலை எப்போது இயக்குவது என்று முடிவு செய்பவர் ஏஐ ஏஜென்ட். அவருக்கு ஏரி தெரியாது, சேறு தெரியாது, இறாலைக் கண்ணால் பார்த்ததில்லை. டூலுக்குப் பக்கத்தில் மனிதர்கள் எழுதி வைத்திருக்கும் விளக்கம்தான் அவருக்குக் கண், காது எல்லாமே. எழுதியிருந்தால் அது உலகத்தில் உண்டு. எழுதாவிட்டால் கிடையாது.

முதல் விளக்கத்தை எழுதியவர்கள் கம்பெனியின் பெரிய பெரிய இன்ஜினியர்கள். கை டூலுக்கு அவர்கள் எழுதிய விளக்கம்: 'மிதக்கும் பொருளை எடுக்கும்.' அவ்வளவுதான். பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறவர்கள். வெள்ளோட்டத்தன்று பொட்டி சொன்ன சொல் தட்டாமல் ஏரிக்குள் போய், ஊர்த் தலைவர் தெய்வசிகாமணியின் வலையில் கட்டியிருந்த மிதப்புக் கட்டைகளை ஒன்று விடாமல் பிய்த்து, வரிசையாக அடுக்கி, கரைக்குக் கொண்டுவந்து, "பணி நிறைவடைந்தது" என்று ஸ்பீக்கரில் அறிவித்தது. அன்று தெய்வசிகாமணி பேசியதை எந்த விளக்கத்திலும் எழுத முடியாது.

கம்பெனியின் முதலாளி விக்கி. தாடியும் பவ்யமும் கொண்ட இளைஞன். இரண்டு நாள் யோசித்து, "பிராப்ளம் ரோபோல இல்ல, டாக்குமென்டேஷன்லதான்" என்று கண்டுபிடித்தான். இன்ஜினியர்கள் எழுதியது சரியில்லை என்று இன்ஜினியர்களிடமே சொன்னால் மனம் புண்படுமாம். அதனால் உள்ளூரிலேயே கம்ப்யூட்டர் படித்த பெண் யாராவது உண்டா என்று விசாரித்தான். இப்படித்தான் பொன்னேரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்த சுபஸ்ரீக்கு 'ஏஜென்ட் டாக்குமென்டேஷன் லீட்' என்ற பதவி கிடைத்தது. லீட் என்றால் தலைமை. அவளுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. பொட்டிக்கு ராத்திரி தங்க இடமும் சார்ஜ் போடக் கரண்டும் ஏரிக்கரையை ஒட்டிய அவள் வீட்டு வாசலிலேயே ஏற்பாடானது. வேலையும் வேலைக்குரிய பொருளும் வீட்டோடு வந்து சேர்ந்த பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்த வாசலில் பொட்டிக்கு முன்னாலிருந்தே ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அது சுபஸ்ரீயின் நைனா கங்காதரனுடையது. அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் படகு ஏரியில் இறங்கவேயில்லை. ஆள் கிடைக்காமல் இல்லை, பாடு கிடைக்காமல்தான்.

பாடு என்றால் அந்த ஊரில் கஷ்டம் என்று மட்டும் பொருள் இல்லை. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற துறைகள் சில. எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் மண்டை உடையும். அதனால் அம்மன் கோயில் முன்னால் குடத்தில் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பாடு. கங்காதரன் போனதும் அந்த வீட்டின் சீட்டைக் குடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மகன் இல்லை, அதனால் தலைக்கட்டு இல்லை. மனைவி செல்வம்மாள் இருக்கிறாள், ஆனால் இருக்கிறாள் என்று கணக்கில்லை.

செல்வம்மாள் சும்மா இருக்கவில்லை. "வலை என்னுது, படகு என்னுது. கூலிக்கு ஆள் வச்சி இறக்கிக்கிறேன். சீட்ட மட்டும் போடுங்க" என்று ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் போய்க் கேட்டாள். தெய்வசிகாமணி ஒவ்வொரு தடவையும் பொறுமையாக ஒரே பதிலைச் சொன்னார்.

"பொம்பளைக்குப் பாடு குட்த்தா ஏரித் தாயி கோச்சிக்குவாம்மா."

ஏரியும் பொம்பளைதான் என்பது அவருக்கு ஒருபோதும் இடைஞ்சலாக இருந்ததில்லை. செல்வம்மாள் தலையில் கூடையை வைத்துக்கொண்டு, அடுத்தவர்கள் பிடித்த இறாலை வாங்கி விற்கப் போவாள். திரும்பி வந்து அந்தக் கவிழ்ந்த படகின் மேல் ஈரப் புடவையைக் காயப் போடுவாள். படகு அதற்காவது பயன்படுகிறதே என்று சுபஸ்ரீயிடம் சொல்வாள். 

புதுப் பதவியில் அவள் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு டூலுக்கும் அது என்ன செய்யும், எப்போது இயக்கலாம், எப்போது இயக்கக் கூடாது, இயங்காவிட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினாள். 'மிதப்புக் கட்டை குப்பை இல்லை. அதில் வலை கட்டியிருக்கும். கை வைக்கக் கூடாது.' 'சேறு இழுத்தால் வின்ச்சை நிறுத்த வேண்டும். இழுத்துக்கொண்டே இருந்தால் வலை மேலே வராது, படகு கீழே போகும்.' ஏஜென்ட் நல்ல மாணவர். எழுதியதை அப்படியே செய்தார். துறைகளுக்கு அப்பால், ஆள் போகாத ஓரத்தில் ஒத்திகை பார்த்தபோது பொட்டி ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

எல்லா டூலுக்கும் மேலே பொது விதி என்று ஒரு பகுதி எழுத வேண்டியிருந்தது. ஊர் வழக்கத்தைப் பொட்டி மீறி, மறுபடியும் தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெய்வசிகாமணி வீட்டுக்கே போனாள். உறவில் பெரியப்பா முறை.

"பெரியப்பா, நம்ம ஊர் சட்டத்தை மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கணும். நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கறேன்."

தெய்வசிகாமணிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. சொந்தப் பேரன்கூட உட்கார்ந்து கேட்காத விஷயத்தை ஒரு மெஷின் கேட்கிறது என்றால் சும்மாவா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"எழுதிக்கோ. பாடு இல்லாதவன் தொறையில எறங்கக் கூடாது. அவன் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி. அப்பால, பாடு ஆளுக்குத்தான், படகுக்குக் கெடையாது. ரெண்டு படகு வச்சிக்கினு ரெண்டு பாடு கேக்கறானுங்க பாரு, அதுக்குத்தான். படகு எந்த வூட்டு வாசல்ல நிக்குதோ, அந்த வூட்டுத் தலைக்கட்டு பேர்லதான் பாடு. புதுசா குடுக்கறதுன்னா தலைவர் வாயால சம்மதம்னு சொல்லணும். குட்த்த பாட்ட எவனும் புடுங்கக் கூடாது. தலைவனே ஆனாலும் சரி, ஊர்க்கூட்டம் கூடி மொத்தப் பேரும் ஒத்துக்கினாத்தான்."

கடைசி விதியைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. ஒரு காலத்தில் அவருடைய பாட்டையே யாரோ பிடுங்கப் பார்த்தார்களாம்.

சுபஸ்ரீ தட்டுவதை நிறுத்தினாள். "அப்ப எங்க வூட்டுப் பாடு? அதுக்குக் கூட்டம் கூடலையே."

"அது புடுங்கனது இல்லம்மா. அதுவா போனது" என்றார் அவர், மிகுந்த இரக்கத்தோடு.

சுபஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டாள். வந்த வேலையைப் பார்க்க வேண்டும். "தலைக்கட்டுன்னா இன்னான்னு எழுதறது பெரியப்பா? மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. புட்டுப் புட்டு வைக்கணும்."

"வூட்டுக்கு யாரு பொறுப்போ, அவுங்கதான். இதக்கூடவா எழுதுவாங்க?"

அவள் விரல்கள் கீபோர்டின் மேல் காத்திருந்தன. இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது அவளுக்குத் தெரியும். ஆம்பளை என்ற வார்த்தை. தெய்வசிகாமணி அதைச் சொல்லவில்லை. ஒளித்து வைத்தார் என்றில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது எடுத்துச் சொல்வார்களா? அவர் டீயை உறிஞ்சினார். சுபஸ்ரீ கேட்கவில்லை. 'தலைக்கட்டு: வீட்டுக்குப் பொறுப்பானவர்' என்று எழுதி, லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

அரசாங்கத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பொட்டியைப் பார்க்க வந்தார். படகுகள் கட்டும் ரேவில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏரியைப் பிளாஸ்டிக்கிலிருந்து மீட்பது பற்றிய பெரிய பிளாஸ்டிக் பேனர். பேனரில் 'மனிதக் கை படாமல்!' என்று ஆச்சரியக்குறியோடு போட்டிருந்தது. அதற்கு மரியாதையாக விக்கி ரிமோட்டைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். பெரிய துறையில் அன்றைக்கு யாரும் வலை போடக் கூடாது என்று தெய்வசிகாமணி சொல்லிவிட்டார். ஊரே கரையில் நின்றது. கூட்டத்தின் கடைசியில், சந்தைக்குப் போகிற வழியில், கூடையோடு செல்வம்மாளும் நின்றாள்.

விக்கி காலர் மைக்கில் கம்பீரமாகச் சொன்னான். "ஆழி, பெரிய துறைக்குப் போய்ப் பழைய வலைகளை எடு."

பொட்டி அசையவில்லை. பிறகு ஸ்பீக்கரில் தெளிவான தமிழில் பேசியது.

"பெரிய துறையில் எனக்குப் பாடு இல்லை. இறங்கக் கூடாது."

சுபஸ்ரீக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடு இல்லாதவர் இறங்கக் கூடாது என்றால், மீன் பிடிக்க இறங்கக் கூடாது என்று அர்த்தம். ஊரில் கைக்குழந்தைக்கும் அது தெரியும். தெரியும் என்பதாலேயே அவள் எழுதவில்லை. இன்ஜினியர்கள் செய்த அதே தப்பை உள்ளூர்க்காரியும் செய்துவிட்டாள். அதுவும் சுத்தத் தமிழில்.

விக்கி சிரித்துக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தான். உதடு மட்டும் சிரித்தது. "சுபா, அந்த லைனை டெலிட் பண்ணு. சீக்கிரம்."

அவள் லேப்டாப்பைத் திறப்பதற்குள் தெய்வசிகாமணி எழுந்துவிட்டார். அவர் நெஞ்சு இரண்டு மடங்காகியிருந்தது.

"பாத்தீங்களா சார்!" என்றார் அதிகாரியிடம். "எங்க ஊர்க் கட்டுப்பாட்ட மிசினே மதிக்குது! மனுசப் பசங்க மதிக்க மாட்றானுங்க!" பிறகு விக்கியின் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த வரியில கை வச்ச, அப்பால இந்த ஊர்ல கால் வைக்க முடியாது."

அதிகாரி மணியைப் பார்த்தார். விக்கிக்குத் தாடி வழியாக வேர்த்தது. "அப்ப ரோபோவுக்கே ஒரு பாடு குடுத்துடுங்களேன் சார், இன்னைக்கு மட்டும்" என்றான் பரிதாபமாக.

பெரியவர்கள் தனியாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பொட்டிக்குக் கல்யாணம் ஆகவில்லையே, எப்படித் தலைக்கட்டாகும் என்றார் ஒருவர். வேப்பமரத்துக்குத் தாலி கட்ட வைக்கலாமே என்றார் இன்னொருவர். கௌரவப் பாடு என்று ஒன்று புதிதாக வைத்துக்கொள்வோம் என்றார் மூன்றாமவர், எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. செல்வம்மாள் வருஷக்கணக்காக வாய் வலிக்கக் கேட்டதை, வாயே இல்லாத ஒரு பொட்டிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சுபஸ்ரீ கூட்டத்தின் கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். செல்வம்மாள் கூடையை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்திருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதைப் பார்க்கத்தான் சுபஸ்ரீக்குப் பொறுக்கவில்லை.

"எழுதும்மா, பொட்டிக்குப் பாடுன்னு" என்றார் தெய்வசிகாமணி.

எழுதினாள். ஸ்பீக்கர் உடனே பேசியது. "நான் படகு. பாடு ஆளுக்குத்தான், படகுக்குக் கிடையாது. நான் நிற்கும் வீட்டின் தலைக்கட்டு யார்?"

"கரெக்டா சொல்லுது பாரு!" என்று தெய்வசிகாமணி தொடையில் தட்டினார். தான் சொல்லிக் கொடுத்த பாடம் என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொல்லிக்கொண்டார். "அப்ப அது எந்த வூட்டு வாசல்ல நிக்குதோ, அந்த வூட்டுத் தலைக்கட்டு பேர எழுதிக்கோ. சட்டம்னா சட்டம்தான்."

"எழுதட்டுமா பெரியப்பா?" என்று கேட்டாள் சுபஸ்ரீ. 

"எழுதுன்றேன்ல!"

எழுதினாள்.  ஏஜென்ட் விதிகளைச் சரிபார்த்தார். வீட்டுக்குப் பொறுப்பானவரா என்று பார்த்தார், ஆம். ஆம்பளையா பொம்பளையா என்று பார்க்கவில்லை. அப்படி ஒன்று பார்க்க வேண்டும் என்பது உலகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"தலைக்கட்டு: செல்வம்மாள், கங்காதரன் மனைவி" என்று ஊரே கேட்கும்படி அறிவித்தது பொட்டி. "புதிய பாடு. தலைவர் சம்மதம் தேவை."

 தெய்வசிகாமணியின் வாய் திறந்து அப்படியே நின்றது. "அது வந்து... அது எப்டி..." என்றார். சுபஸ்ரீ கண் எடுக்காமல் அவரையே பார்த்தாள். இப்போது அவர் 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இனி எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டாள்.

அப்போது அதிகாரி கை தட்டினார். அவருக்குப் பாடும் தெரியாது, கங்காதரனையும் தெரியாது. பெண் பெயர் ஒன்று காதில் விழுந்தது, அது போதும்.

"பிரமாதம்! பெண்களுக்கும் மீன்பிடி முறையில உரிமை குடுத்திருக்கீங்களா? இதை ரிப்போர்ட்ல முதல் பாராவுலயே போடணும். இந்த மாதிரி முற்போக்கான தலைவரை நான் பார்த்ததே இல்லை!"

அதிகாரியோடு வந்த பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் பொட்டியை விட்டுத் தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பின. அதுவரை தான் முற்போக்கு என்று அவருக்கே தெரியாது. வியர்வையைத் துடைத்தார். ஏரியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். ஏரித் தாய் கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். விக்கி காலரிலிருந்து கழற்றி நீட்டிய மைக்கில், "சம்மதம்" என்றார்.

பொட்டி தண்ணீரில் இறங்கிப் போய், சேற்றிலிருந்து ஒரு பாரம் பழைய வலையை இழுத்துக்கொண்டு வந்தது. அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதிகாரி தலைவரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். விக்கி, சமூக மாற்றம்தான் தங்கள் கம்பெனியின் தொடக்ககால நோக்கம் என்று யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான்.

கார்கள் போன பிறகு தெய்வசிகாமணி சுபஸ்ரீயிடம் வந்தார். "த பாரும்மா, அது மிசினுக்காகச் சொன்னது. அழிச்சிடு."

 சுபஸ்ரீ, தன் வீட்டு வாசலுக்குக் கிளம்பத் தயாராக நின்ற பொட்டியின் பக்கம் திரும்பி, "ஆழி, குடுத்த பாட்டை எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"கொடுத்த பாட்டைத் தலைவரே ஆனாலும் எடுக்க முடியாது. ஊர்க்கூட்டத்தில் அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்."

"இதுக்கு யாருடி சொல்லிக் குட்த்தது?" என்று சீறினார் தெய்வசிகாமணி.

"நீங்கதான் பெரியப்பா."

ஊர்க்கூட்டம் கூட்டலாம்தான். ஆனால் அங்கே மொத்தப் பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். செல்வம்மாளும் இப்போது மொத்தப் பேரில் ஒருத்தி. அவர் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சீட்டு அம்மன் கோயில் முன்னால் போட்டார்கள். கவிழ்ந்து கிடந்த படகை நிமிர்த்திப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. செல்வம்மாள் ஆம்பளைகள் வரிசைக்குப் பக்கத்தில் போய் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. குடத்திலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துத் தெய்வசிகாமணி படித்துக்கொண்டு வந்தார். ஒரு சீட்டைப் பிரித்ததும் அதை இன்னொரு தடவை பார்த்தார்.

"கங்காதரன் வூடு" என்றார்.

 செல்வம்மாள் காலடி மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கங்காதரன் வூடு!" என்று கத்தினார்.

"அவுரு செத்துப் பூட்டாரு மாமா" என்றாள் செல்வம்மாள், தலையைத் தூக்காமலே. "சீட்டுல இன்னா எழுதியிருக்குதோ அதப் படிங்க."

அவர் சீட்டைப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ஏதாவது கேமரா இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"செல்வம்மா" என்றார், வாய்க்குள்ளேயே.

"இன்னா மாமா, காதுலயே வுழல? அன்னிக்கு மைக்ல சம்மதம்னு சொன்னீங்கல்ல, அந்தச் சத்தத்துல சொல்லுங்க."

அவர் சொன்னார். சத்தமாகவே சொன்னார். செல்வம்மாள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்த் தன் சீட்டை வாங்கிக்கொண்டாள்.